ஏழாவது நட்சத்திரம் குறித்து அத்தானுக்கு

மரியாதைக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். எழுதிவிட்டேன். அங்கே நீங்களும் சௌக்கியந்தானே என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும்; அதைக் கேட்க எனக்கு முகமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் உங்களுக்குப் பதினோரு முறை போன் செய்தேன். பத்து முறை மணி அடித்தே ஓய்ந்தது. பதினோராவது முறை அக்கா எடுத்தாள். "உன் குரலக் கேட்டாலே அவருக்குப் படபடன்னு வருதுடா. சொல்ல வேண்டியத எழுதிக் குடுத்தனுப்பு. படிக்கிறாரோ கிழிக்கிறாரோ, அது உன் தலையெழுத்து" என்றாள். "அத்தான் என்னப் பத்தி ஏதாவது சொன்னாராக்கா?" என்று கேட்டேன். "உன் பேரையே அவர் எடுக்கறதில்ல. அழிரப்பர்னுதான் சொல்றார்" என்றாள். இந்த ஐம்பது வயதுக்குள் எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பொருத்தமாக ஒருவரும் வைத்ததில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே எழுதுகிறேன். நாளை வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் என் மனைவி அங்கே வருகிறாள். அவள் கையில் இந்தக் கடிதம் இருக்கும். நீங்கள் பாதியில் கிழித்தாலும் இதுவரைக்குமாவது படித்திருப்பீர்கள் என்பதால் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய அந்த இடமாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கிளையை மூடப்போவதில்லை. உங்கள் மெத்தைக் கம்பெனியின் புது லோகோவில் ஏழு நட்சத்திரம் ஆறாகிப் போனதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. வரைந்த கை என்னுடையது. அந்தக் கைதான் இதையும் எழுதுகிறது.

கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை அக்கா அழுகையும் மூக்குறிஞ்சலுமாகச் சொல்லிவிட்டாள். இருபத்து நாலு வருஷமாகக் குடோன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எந்த அளவு மெத்தை எந்த அடுக்கில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஸ்டோர் கீப்பர், ஏழு மணி நேரப் பஸ் பயணத்துக்கு அப்பால் ஒரு கிளையில், தன்னிடமே வேலை பழகிப் போன ஒருவருக்குக் கீழே, கவுண்டரில் நின்று தலையணை உறையை விரித்துக் காட்ட வேண்டும். அக்கா தையல் கடையைப் போட்டுவிட்டு வர முடியாது. பெண்ணுக்குப் பள்ளியில் இது கடைசி வருஷம். ஆக நீங்கள் மட்டும் ஒற்றை அறையில், ஒற்றைத் தட்டோடு. சரி, கையெழுத்துப் போடாமலிருந்து கிளையையும் மூடிவிட்டால்? ஐம்பத்து நாலு வயதில் வீட்டு வாசலில் நின்று மற்றவர்கள் வேலைக்குப் போவதை வேடிக்கை பார்க்க வேண்டும். இது ரெண்டில் எது என்று தெரிந்துகொள்ள நீங்கள் தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு மெத்தை லேபிளை மேஜையில் வைத்துக்கொண்டு அக்காவின் ஊசி கோக்கும் பூதக்கண்ணாடியால் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களாமே. அத்தான், அந்த லேபிளில் பதில் இல்லை. நான் செய்த எந்த லேபிளிலும் இருந்ததில்லை. இதை நிரூபிக்க வேண்டுமென்றால் என் பிழைப்பின் ரகசியத்தை உடைத்தாக வேண்டும். உடைக்கிறேன். உங்களுக்கு முன்னால் இனி எனக்கென்ன மானம்.

நான் லோகோ வரைகிறவன் என்று தெரியும். எப்படி வரைகிறேன் என்று தெரியாது. மற்றவர்கள் நினைப்பது, நான் கண்ணை மூடி யோசித்து ஒரு பெரிய கருத்தைப் பிடித்து, அதைச் சுருக்கி ஒரு சின்ன வடிவத்துக்குள் ஒளித்துவைக்கிறேன் என்று. நடப்பது நேர்மாறு. முதலில் கை ஏதோ ஒரு வட்டமோ வளைவோ போடும். பார்க்க லட்சணமாக இருந்தால் வைத்துக்கொள்வேன். அப்புறந்தான் அர்த்தம் தேடுவேன். எங்கள் ஸ்டூடியோ முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'விளக்கவுரை'. அவர் ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறார். மேலே லோகோ ஒட்ட ஒரு கட்டம், அதன் கீழே 'தெரியும் பொருள்' என்று ஒரு கட்டம், அதற்கும் கீழே 'மறைபொருள்' என்று மற்ற ரெண்டையும் சேர்த்தாற்போல் ஒரு பெரிய கட்டம். அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் தாள் அவர் மேஜையைத் தாண்டாது. ஒரு தடவை துணிந்து கேட்டேன், "சார், இது வெறும் வட்டந்தானே, இதுக்கு என்னத்த மறைபொருள் எழுதறது?" "வெறும் வட்டம்னு நமக்குத் தெரிஞ்சா போதும். வாங்கறவருக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார்.

பல் டாக்டர் ஒருவருக்கு ரெண்டு வளைவு போட்டுக் கொடுத்தேன். ரெண்டாவது வளைவு, பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டுத் திரும்பியதில் கை இழுத்துக்கொண்டு போனது. மறைபொருளில் 'முதல் வளைவு வேதனை, இரண்டாம் வளைவு விடுதலை' என்று எழுதினேன். டாக்டர் அதைச் சட்டம் போட்டு நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டி வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குகிறார். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் நோயாளி மறுத்துப் பேச வழியில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனிக்குப் போட்டதில் ரெண்டு கோட்டுக்கு நடுவே எதேச்சையாக ஓர் அம்பு விழுந்தது, அதுவும் கீழே பார்த்து. 'உச்சிக்குப் போனவர்களைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவரும் பணிவு' என்று எழுதினேன். அந்த முதலாளி கண் கலங்கிவிட்டார். மக்களுக்கு இந்த மறைபொருள் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டால், வீட்டுக்கு வந்தவரிடம் "இந்த இடுக்குல பாருங்க, ஓர் அம்பு தெரியுதா?" என்று கேட்கலாம். வந்தவர் கொஞ்சம் விழிப்பார், அப்புறம் "அட, ஆமா" என்பார். தெரியவில்லை என்று சொல்லிக் குருடராக யாருக்கு மனம் வரும்? இந்த 'அட, ஆமா'வில்தான் இருபத்தாறு வருஷமாக என் வீட்டு அடுப்பு எரிகிறது.

இனி உங்கள் கம்பெனி. பழைய லோகோ உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியுமே: பிறைநிலா, கீழே ஒரு தலையணை, மேலும் கீழுமாக ஏழு நட்சத்திரம். புதிதாக, எளிமையாக வேண்டும் என்றார்கள். நிலாவை மெலிய வைத்தேன், தலையணையை ஒரே கோட்டில் இழுத்தேன், நட்சத்திரங்களை ஒழுங்காக வரிசைப்படுத்தினேன். ஏழாவது நட்சத்திரம் மட்டும் பழைய இடத்திலேயே, வலது ஓரத்தில் கீழே, தனியாகத் தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் திரையில் பெரிதாகப் பார்க்கும்போது அழகாகத்தான் இருந்தது. ஆனால் லோகோ எங்கே போகப்போகிறது? மெத்தையின் மூலையில் தைக்கிற, கட்டைவிரல் நகமளவு லேபிளில். நூலில் எப்படி வருகிறது என்று பார்க்க எம்பிராய்டரி மெஷின்காரரிடம் கொடுத்தேன். அவர் ஒரு லேபிள் போட்டு எடுத்து மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இது என்ன சார், ஓரத்துல பூச்சியா?" என்றார்.

"நட்சத்திரம்ங்க அது."

"நட்சத்திரம் ஏன் தலகாணிய நோக்கி நடந்து போகுது?"

வாங்கிப் பார்த்தேன். அத்தான், அது மூட்டைப்பூச்சி. சந்தேகமே வேண்டாம். ஐந்து முனையும் நூலில் கால்களாகி, நடுவில் பழுப்பாக உப்பிக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய மூட்டைப்பூச்சி. நகர்த்திப் பார்த்தேன், தலையணைக்கு மேலே ஏறியது. சின்னதாக்கினேன், குட்டி மூட்டைப்பூச்சி. மெத்தைக் கம்பெனிக்கு, அதுவும் மெத்தையின் மூலையிலேயே, பூச்சியைத் தைத்துக் கொடுத்தவன் என்று பேர் வாங்க முடியுமா? எடுத்துவிட்டேன். ஆறு நின்றது. நடந்தது இவ்வளவுதான்.

நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு கிளையைக் குறிக்கும், ஒவ்வொரு கிளை திறந்தபோதும் ஒன்று சேர்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். "அந்தக் கம்பெனியில உன் அத்தான் இருபத்து நாலு வருஷமா வேல பாக்கறார், உனக்குத் தெரியாதா?" என்று அக்காவும் கேட்டாள். தெரியாது. எத்தனை கல்யாணம், எத்தனை காரியம், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். முழங்கால் வலி பேசியிருக்கிறோம், மழை பேசியிருக்கிறோம். உங்கள் வேலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மெத்தைதானே, அதில் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பீர்கள். இந்த ஒரு குற்றத்துக்கு மட்டும் நீங்கள் எந்தப் பெயர் வைத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அடுத்ததுதான் பெரிய கூத்து. தாளை எடுத்துக்கொண்டு விளக்கவுரையிடம் போனேன். "முன்னாடி ஏழு இருந்துச்சே, இப்ப ஏன் ஆறு?" என்றார். "ஏழாவது மூட்டைப்பூச்சி மாதிரி இருந்துச்சு சார்" என்றேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அந்த வார்த்தைய இந்தக் கட்டடத்துல சொல்லாதீங்க. மறைபொருள் எழுதுங்க." எழுதினேன். வார்த்தை மாறாமல் சொல்கிறேன், நீங்களே பாருங்கள் இந்தப் பாவி எப்படி எழுதினான் என்று: 'தேவையற்றதை உதிர்த்துவிட்டு நிம்மதியாக உறங்கும் வானம். சுமை குறையக் குறையத் தூக்கம் கூடும்.' எழுதி முடித்து ரெண்டு தடவை வாய்விட்டுப் படித்துக்கொண்டேன். அவ்வளவு நன்றாக வந்திருந்தது. என் தலையில் யாராவது அப்போது ஒரு தலையணையால் அடித்திருக்கலாம்.

உங்கள் மெத்தை முதலாளியின் அறையில் அந்தத் தாளை வைத்தோம். அவர் லோகோவைப் பார்த்தார். விரலால் நட்சத்திரங்களை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். மறைபொருளைப் படித்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். ஏதோ கணக்குப் பிசகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது, எந்தக் கணக்கு என்று புரியவில்லை. கடைசியில் அவர் மெல்லத் தலையாட்டி, "ம். ஆமா. அப்படித்தான்" என்றார், ஏதோ பல வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததை நாங்கள் கண்டுபிடித்துவிட்டது மாதிரி. பக்கத்தில் நின்ற விற்பனை மேனேஜர் அவர் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "அட, ஆமா சார்" என்றார். "சார் மனசுல ரொம்ப நாளா ஓடிட்டிருந்தத அப்படியே போட்டுட்டாங்க." முதலாளி, "அப்ப அந்த உதிர்ந்தது எந்தக் கிளைங்கறீங்க?" என்று பொதுவாகக் கேட்டார். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பழைய லோகோவில் ஏழாவது இருந்த இடத்தைக் காட்டினேன். "வலது ஓரம், கீழ" என்றேன். விற்பனை மேனேஜர் சுவரிலிருந்த வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். வலது ஓரம், கீழே. அங்கே உங்கள் ஊர்.

கிளை என்ற சொல் அங்கே என் காதில் விழுந்ததா என்று கேட்பீர்கள். விழுந்தது. மரக்கிளை என்று நினைத்தாயா என்றால், இல்லை. என்ன நினைத்தேன் என்றே தெரியவில்லை. லோகோவுக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது, கிளம்பலாம் என்று நினைத்தேன். வாசலில் டீ வாங்கிக் கொடுத்து விளக்கவுரை என் முதுகில் தட்டினார்.

மற்றதெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். புது லெட்டர்ஹெட் உங்கள் கிளைக்கு வந்த அன்று முதலில் எண்ணியவர் வாட்ச்மேனாம். அவர் எண்ணி வேன் டிரைவரிடம் சொல்ல, அவர் எண்ணி பில் போடும் அம்மாவிடம் சொல்ல, சாயங்காலத்துக்குள் டீக் கோப்பை, காலண்டர், கவர், பை என்று எல்லாவற்றிலும் எல்லோரும் எண்ணி முடித்துவிட்டார்களாமே. எதில் எண்ணினாலும் ஆறு. பில் போடும் அம்மா தாளைத் தலைகீழாகத் திருப்பி, "இப்படிப் பாத்தா தலகாணி சவப்பெட்டி மாதிரி இல்ல?" என்று கேட்டாராம். அட, ஆமா என்றிருப்பீர்கள் எல்லோரும். நானும் வீட்டில் திருப்பிப் பார்த்தேன். ஆமாம்தான். கிளை மேனேஜர் ஏணி போட்டு ஏறி வாசல் பலகையில் மார்க்கர் பேனாவால் ஏழாவது நட்சத்திரத்தைத் தானே போட்டார் என்றும், அடுத்த நாள் மழையில் அது கரைந்து நிலாவின் கன்னத்தில் வழிந்து நிற்கிறது என்றும் அக்கா சொன்னாள். அதே வாரம் அந்தச் சுற்றறிக்கை: 'விருப்பமுள்ள பணியாளர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வேறு கிளைக்கு இடமாற்றம் கோரலாம்.' ஏழு கிளைக்கும் போனதுதான். ஆனால் ஆறு நட்சத்திரத்துக்குக் கீழே அச்சடித்து வந்தால் அதை யார் அப்படிப் படிப்பார்கள்? வேன் டிரைவர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். பில் போடும் அம்மா போட்டுவிட்டாராம். மிச்சம் நீங்கள்.

அக்கா போனை வைத்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் மனைவி, "கையால எழுதிக் கெடுத்தீங்க, போய் வாயால சொல்லித் திருத்துங்க" என்றாள். திங்கட்கிழமை விளக்கவுரையிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நேரே உங்கள் முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் அறையில் வருகிறவர்களுக்கு நாற்காலி கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். போன தடவை நின்றுகொண்டே முடித்துவிட்டதால் எனக்குத் தெரியாது. "உக்காருங்க, நம்ம புது மாடல்தான்" என்று ஒரு மெத்தையைக் காட்டினார். உட்கார்ந்தேன். அது என்னை இடுப்புவரை விழுங்கியது. எழுந்திருக்க முயன்றபோது முதுகையும் வாங்கிக்கொண்டது. ஆக உங்களுக்காக நான் வாதாடியதெல்லாம் மல்லாக்கப் படுத்துக்கொண்டுதான். ஒரு மனிதனின் வேலைக்காகப் பேசும்போது முழங்கால் கண்மட்டத்துக்கு மேலே இருந்தால் எவ்வளவு கண்ணியமாகப் பேச முடியுமோ அவ்வளவு கண்ணியமாகப் பேசினேன்.

"சார், அந்த வலது ஓரக் கிளைய மூடப்போறீங்களா?"

"யார் சொன்னா? அதெல்லாம் நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலையே."

"லோகோவப் பாத்துட்டு எல்லாரும் அப்படிச் சொல்றாங்க சார்."

"லோகோவுல அப்படியா இருக்கு?"

"இல்ல சார். அப்படி ஒண்ணுமே இல்ல."

"இருக்குன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

கதவு சாத்தியிருந்தது. விளக்கவுரை அங்கே இல்லை. மூட்டைப்பூச்சியைச் சொல்லிவிட்டேன். எம்பிராய்டரி மெஷின்காரர் சொன்னதையும், நகர்த்தினால் தலையணைக்கு மேல் ஏறியதையும், ஒன்றுவிடாமல். அவர் முகம் சுருங்கியது. "எங்க மெத்தையிலயா?" என்றார். "லேபிள்ல சார், நூல்ல" என்றேன். அப்புறம் ஒன்று சொன்னார், அத்தான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பென்சிலை எடுக்கவே பயமாக இருக்கிறது. "நீங்க பூச்சின்னு நெனச்சு எடுத்திருக்கலாம். ஆனா ஒரு காரணமும் இல்லாம ஒரு நட்சத்திரம் போகுமா? அர்த்தம் வரைஞ்சவருக்குத் தெரிஞ்சிருக்கணும்னு இல்லையே" என்றார்.

நான் விடவில்லை. எங்கள் அத்தான் அந்தக் கிளையில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். "ஸ்டோர் கீப்பரா? சாவி மனுஷனா?" என்று கேட்டார். உங்களைத் தெரிந்திருக்கிறது. "நல்ல மனுஷன். ஒரு மெத்த கூட எலி கடிச்சு வந்ததில்ல அவர் குடோன்லேர்ந்து" என்றார். அப்புறம் அவருக்கே என்ன தோன்றியதோ, "சரி போங்க. ஏழாவதையும் போட்டுக் குடுங்க. பூச்சி மாதிரி தெரியாம போடுங்க" என்றார். நான் படுத்த வாக்கில் கும்பிட்டேன். ரெண்டு பேர் வந்து என்னை மெத்தையிலிருந்து உருவினார்கள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து போட்டேன். ஏழாவது நட்சத்திரத்தைத் தலையணைப் பக்கமே விடாமல் மேலே, மற்றவற்றோடு வரிசையில் வைத்தேன். நூல் உள்ளே நிரம்பினால்தானே பூச்சியாகிறது என்று அதை மட்டும் நிரப்பாமல் வெளிக்கோடாக விட்டேன். லேபிள் போட்டுப் பார்த்தோம். எம்பிராய்டரி மெஷின்காரர், "இப்ப சுத்தமா இருக்கு சார், எந்தப் பூச்சியும் இல்ல" என்றார். முதலாளிக்கு அனுப்பிவைத்தேன். இந்தத் தடவை தாளில் மறைபொருள் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டேன். விளக்கவுரை குதித்தார். "என்னங்க இது, கட்டம் காலியா இருக்கு?" "காலியாவே இருக்கட்டும் சார். இதுல ஒண்ணுமே ஒளிஞ்சிருக்கல" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை. நன்றாகத்தான் இருந்தது.

ஆகையால் அத்தான், மறுபடியும் சொல்கிறேன். ஏழு நட்சத்திரமும் திரும்பிவிட்டது. உங்கள் கிளை இருக்கிறது. அந்தப் படிவத்தை மடித்து ஆடுகிற மேஜைக்காலுக்குக் கீழே வையுங்கள். பூதக்கண்ணாடியை அக்காவிடம் திருப்பிக் கொடுங்கள், பாவம் அவள் ஒரு வாரமாகத் தடவித் தடவி ஊசி கோக்கிறாள். வேன் டிரைவரிடமும் பில் போடும் அம்மாவிடமும் சொல்லி, முடிந்தால் அவர்கள் படிவத்தையும் திருப்பி வாங்கச் சொல்லுங்கள். கோபம் தணிந்த பிறகு ஒரு நாள் நான் அங்கே வருகிறேன். குடோனைச் சுற்றிக் காட்டுங்கள். எந்த மெத்தை எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று எல்லாம் கேட்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், மருமகளுக்கு என் ஆசி, பரீட்சையில் அவள் கேள்விக்கு நேர் பதிலாக எழுதி நிறைய மார்க் வாங்கட்டும். உங்களுக்கு நீண்ட ஆயுளும் உட்கார்ந்த இடத்திலேயே ஓய்வுபெறும் பாக்கியமும் கிடைக்கட்டும். என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டால் உங்களுக்குப் படபடப்பு வரும் என்பதால்,

இப்படிக்கு,
தங்கள் அழிரப்பர்.

பி.கு.: மனைவி பையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், கவரை ஒட்டப்போன நேரம் ஸ்டூடியோவிலிருந்து தாள் வந்தது. உங்கள் முதலாளி சம்மதித்துக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். ஏழு நட்சத்திரந்தான், ஒன்றும் குறையவில்லை. நான் காலியாக விட்ட கட்டத்தை மட்டும் அவரே தன் கைப்பட நிரப்பியிருக்கிறார்: 'ஆறு நட்சத்திரங்கள், நமது ஆறு கிளைகள். உள்ளே ஒன்றுமில்லாத ஏழாவது நட்சத்திரம், இந்த மாதத்தோடு நம்மிடமிருந்து விடைபெறும் கிளையின் நினைவாக.' விளக்கவுரை அதைப் படித்துவிட்டு, "அட, ஆமா. நமக்கு இது தோணலையே" என்று ரெண்டு தடவை சொன்னாராம். எனக்குத் திரும்ப எழுத நேரமில்லை, விடிந்தால் முதல் பஸ். அதனால் மேலே எழுதியிருப்பதில் மரியாதையையும் ஆசியையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், இவள் வந்து இறங்கியதும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் அத்தான். அதில் 'இடமாற்றம் கோரும் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்குமாம். அதை மட்டும் நிரப்பாதீர்கள். எதையாவது எழுதினால் யாராவது நம்பிவிடுவார்கள்.